துணி காயாத ஊரை அழித்தவர்

கண்ணாடிக்காரரைப் பேரரசு கைது செய்யவில்லை. அப்படிச் சொன்னால் பேரரசுக்குக் கோபம் வரும். கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லாததால், கதவைப் பெயர்த்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "உங்கள விருந்துக்குக் கூப்பிட வந்திருக்கோம்" என்று பணிவாகச் சொன்னார்கள். விருந்து என்றால் குடும்பத்தோடு. மனைவியும் மகளும் மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளலாம் என்று சலுகை வேறு. அந்த விருந்து இன்னும் முடிந்தபாடில்லை. வரும்போது பல் விழுந்துகொண்டிருந்த மகள், இப்போது அப்பாவை எதிர்த்துப் பேசும் வயதுக்கு வந்துவிட்டாள்.

அவர் செய்த குற்றம், அக்காவின் துணியைக் காயவைக்க நினைத்ததுதான்.

அக்கா இருப்பது பேரரசின் கடைக்கோடியில் ஒரு குட்டிக் கிரகத்தில். கிரகம் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. அங்கிருந்து பார்த்தால் சூரியன், தெருக்கோடி வீட்டு வாசல் விளக்கு மாதிரி இருக்கும். பகல் என்பது கொஞ்சம் சாம்பல் பூசிய இரவு. கொடியில் போட்ட துணி, போட்ட ஈரத்தோடு அப்படியே தொங்கும். சரக்குக் கப்பலில் குரல் பதிவு அனுப்பும்போதெல்லாம் அக்கா இதைச் சொல்லாமல் விடமாட்டார். "உனக்கென்னடா, பெரிய விஞ்ஞானி. இங்க எந்தப் போர்வை நேத்து தொவைச்சது, எது போன மாசம் தொவைச்சதுன்னு எனக்கே தெரியல. ரெண்டும் ஒரே ஈரம்."

தம்பிக்கு ரோஷம் வந்தது. விண்வெளியில் மிதக்கும் மாபெரும் கண்ணாடி ஒன்றைச் செய்து, எங்கோ வீணாகப் போகிற வெயிலைப் பிடித்து அக்கா ஊர் மேல் திருப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டார். கணக்கு சரியாக வந்தது. வினையே அதுதான். ஒரு மாநாட்டில் அதை விளக்கினார். ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் தூங்கினார்கள். தூங்காதவர் பேரரசின் அதிகாரி. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"காய வைக்கும்னு சொல்றீங்க. இன்னும் கொஞ்சம் குவிச்சா கருக வைக்குமா?"

கண்ணாடிக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. அறிவியலில் யார் கேள்வி கேட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுவார். "வைக்குமே" என்றார். அடுத்த வாரம் கதவு சுவரில் சாய்ந்திருந்தது.

இப்படித்தான் வெயில் கண்ணாடி ஆயுதமானது. பேரரசு ஆயுதம் என்ற சொல்லை விரும்பாது. அதற்கு 'அமைதி விளக்கு' என்று பெயர் வைத்தார்கள். அது எரிக்கும் இடத்தில் அதன்பிறகு நிரந்தர அமைதி நிலவும் என்பதால் பெயரில் பொய் எதுவும் இல்லை. தூங்காத அதிகாரியே மேற்பார்வையாளராக வந்தார். அரண்மனையிலிருந்து அழைப்பு வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டு, "ஆமாங்கய்யா, ஆமாங்கய்யா" என்பதைத் தவிர வேறெதுவும் பேசமாட்டார். அழைப்பு துண்டிக்கப்பட்ட பிறகும் பாதுகாப்புக்காக இன்னும் இரண்டு 'ஆமாங்கய்யா' சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். கண்ணாடி தேய்க்கும் விண்வெளிப் பட்டறையில் எல்லோருக்கும் அவர் ஆமாங்கய்யாதான்.

விருந்தாளிகளுக்குக் கொடுத்த வீடு ஊழியர் குடியிருப்பின் உச்சி மாடியில் இருந்தது. மின்தூக்கி பழுதாகவில்லை, பழுதுபார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது, அவர்கள் வந்த நாளிலிருந்தே. வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலர். முதல் மாதம் விறைப்பாக நின்றார். அதற்குப்பின் கண்ணாடிக்காரரின் மனைவி, "சும்மாத்தானே நிக்கறீங்க" என்று வெங்காயக் கூடையைக் கையில் கொடுத்துவிட்டாள். இப்போது துப்பாக்கி செருப்பு அலமாரியில் இருக்கிறது. காவலர் கண்ணீரோடு கடமையாற்றுகிறார்.

மனைவிக்கும் நாத்தனாருக்கும் ஆகாது. "உங்க அக்கா ஊருக்கு வெளிச்சம் போடப் போனீங்க, நம்ம குடும்பம் இருட்டுல வந்து உக்காந்திருக்கு" என்பாள். சொல்லிவிட்டு அவளே குரலைத் தாழ்த்தி, "அந்த விளக்க மட்டும் செஞ்சு குடுத்துடாதீங்க. அந்தப் பாவத்த நம்ம பொண்ணு தலையில எறக்காதீங்க" என்பாள். இரண்டும் ஒரே மூச்சில் வரும்.

அவரும் செய்துகொடுக்க நினைக்கவில்லை. முடியாது என்று சொன்னால் மகளை வேறு இடத்தில் விருந்துக்கு வைப்பார்கள். அதனால் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் எதிர்த்தார்: கண்ணாடியைத் தப்பாகத் தேய்த்தார். வளைவில் ஒரு மயிரிழை பிசகு. அந்தப் பிசகு இருந்தால் ஒளி ஒரு புள்ளியில் கூடாது. போகப்போக அகன்று, குறியைச் சேரும்போது வெறும் வெதுவெதுப்பாகிவிடும். வாழ்நாள் முழுக்கத் துல்லியத்துக்காகவே வாழ்ந்தவர், துல்லியமாகத் தப்புச் செய்தார்.

முதல் சோதனைக்கு ஆளில்லாத ஒரு பாறையைக் குறிவைத்தார்கள். விளக்கைத் திருப்பினார்கள். பாறை தூள் தூளாகச் சிதறியது.

பட்டறையே கைதட்டியது. கண்ணாடிக்காரர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"என்னாச்சுங்க?"

"வெடிச்சிடுச்சு."

"வெடிக்காதுன்னு சொன்னீங்களே."

"அதான் எனக்கும் புரியல."

"நல்ல விஞ்ஞானி போங்க. தப்பாச் செய்யக்கூட ஒழுங்காத் தெரியல" என்றாள். ஆனாலும் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

இரண்டாம் சோதனைக்கு முன் பிசகைக் கூட்டினார். அந்த வளைவில் ஒளியைக் குவிப்பதைவிடச் சல்லடையில் தண்ணீர் பிடிப்பது எளிது. பாறை முன்னைவிட ஆவேசமாகச் சிதறியது. பேரரசர் பதக்கம் அனுப்பினார். ஒளியியலே தன் முதுகில் குத்திவிட்டதாகக் கண்ணாடிக்காரர் நினைத்துக்கொண்டார். ஊரே கொண்டாடும் தோல்வி அது. வெளியே சொல்லி அழவும் முடியாது.

இந்த நேரம் பார்த்து அக்கா ஒரு காரியம் செய்தார்.

எல்லா வீட்டிலும் மாட்டச் சொல்லிப் பேரரசரின் படம் அனுப்பப்பட்டிருந்தது. நல்ல கனமான பலகையில், ஆள் உயரத்துக்கு. அக்கா வீட்டுச் சமையலறை ஜன்னல் வெகுநாளாக உடைந்து கிடந்தது. குளிர்காற்று உள்ளே வரும். படம் ஜன்னலுக்கு அளவெடுத்துச் செய்தாற்போல் பொருந்தியது. முகம் வெளியே பார்த்தால் நனையுமே என்று மரியாதையாக உள்பக்கம் திருப்பித்தான் வைத்தார். அக்கம்பக்கத்து வீடுகளிலும் ஜன்னல்கள் உடைந்திருந்தன. அக்கா சொன்னால் அந்த ஊர் கேட்கும். ஆய்வுக்கு வந்த அதிகாரி தெருவில் நடந்தபோது, வீட்டுக்கு வீடு பேரரசரின் முதுகுப்பலகை மழையில் ஊறிக்கொண்டிருந்தது.

அமைதி விளக்கின் முதல் உண்மையான குறி எது என்று அரண்மனைக்கு அதற்குமேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆமாங்கய்யாதான் வந்து சொன்னார். "உங்க அக்கா ஊருன்னு கேள்விப்பட்டேன் சார். எவ்வளவு பெரிய கௌரவம்."

கண்ணாடிக்காரர் மாடிப்படி முழுவதையும் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. விஷயத்தைக் கேட்ட மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நாத்தனாரை ஒரு வார்த்தை குறைசொல்லாமல் அவள் அவ்வளவு நேரம் இருந்தது அதுதான் முதல் தடவை. பிறகு, "அந்தப் பாறைங்க பக்கத்துல யாரு இருந்தாங்க? நீங்க விளக்குப் பக்கம் இருந்தீங்க. அந்தப் பக்கம் பாத்தவங்களக் கேளுங்க" என்றாள்.

குறிவைக்கும் பாறைகளுக்கெல்லாம் பொறுப்பாக ஒருவர் இருந்தார். முன்பு சுரங்கத்தில் வெடிவைத்தவர் என்பதால் வெடிக்காரர் என்று பெயர். உணவுக்கூடத்தில் எப்போதும் மூலை மேசையில் தனியாகத்தான் சாப்பிடுவார். கண்ணாடிக்காரர் எதிரே போய் உட்கார்ந்தார்.

"என் கண்ணாடில பிசகு இருக்கு. அது எப்படிப் பாறைய ஒடைச்சுது? உண்மையச் சொல்லுங்க, என் அக்கா அங்க இருக்காங்க."

வெடிக்காரர் சுற்றும் பார்த்துவிட்டு, ரொட்டியைக் குழம்பில் தொட்டுக்கொண்டே சொன்னார். "உங்க கண்ணாடியா? சார், மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. அது பட்ட பாறைல நான் கை வெச்சுப் பாத்தேன். கைக்கு எதமா இருந்துச்சு."

"அப்ப வெடிச்சது?"

"நான்தான். முந்தின நாளே போயி மருந்து பொதைச்சு வெச்சிட்டு வந்தேன். பாறை வெடிக்கலைன்னா முதல்ல யார் தலை போகும்? உங்க தலைக்கு ஒரு மதிப்பிருக்கு, விசாரிப்பாங்க. பாறை என் பொறுப்பு. என்னை விசாரிக்க மாட்டாங்க."

"இது ஆமாங்கய்யாவுக்குத் தெரியுமா?"

"மருந்து குடுத்ததே அவர்தான். ஏதோ சொன்னேன், 'ஆமாங்க' அப்படின்னாரு."

கண்ணாடிக்காரருக்கு ஒளியியலின்மேல் இருந்த கோபம் தீர்ந்தது. தன் தப்பு சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஒரு வாய் தண்ணீர் குடிக்கும்வரை சந்தோஷமாக இருந்தார். பிறகுதான் உறைத்தது.

"ஊருக்கும் மருந்து வைப்பீங்களா?"

"ஒரு முழுக் கிரகத்துக்கா? அவ்வளவு மருந்துக்கு எங்க போக? அத நெனைச்சுத்தான் எனக்கே சோறு எறங்கல." இதைச் சொன்னபோது அவர் மூன்றாவது ரொட்டியில் இருந்தார்.

ஆக, விளக்கைத் திருப்பினால் அக்கா பிழைப்பார். அக்கா பிழைத்தால் பேரரசருக்குத் தெரிந்துபோகும். தெரிந்தால் உச்சி மாடி வீட்டில் மனைவியும் மகளும் மிஞ்சமாட்டார்கள். பிசகைச் சரிசெய்ய இன்னும் நேரமிருந்தது. ஒரு பகல் வேலைதான். அவர் அந்தப் பகலைக் கண்ணாடியின் முன்னால் உட்கார்ந்தே கழித்தார். கையில் தேய்க்கும் கல் இருந்தது. மாலையில் கல்லை அதன் பெட்டியில் வைத்து மூடிவிட்டு வீட்டுக்குப் போனார். மனைவி அவர் கையைப் பார்த்தாள். தூசு படாத கை. "சரி, கால் கழுவிட்டு வாங்க" என்றாள்.

அந்த நாளும் வந்தது. பேரரசர் நேரில் வந்தார். படத்தில் இருப்பதைவிடக் குள்ளம் என்று யாரும் நினைத்துவிடாதபடி எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். பெரிய திரையில் அக்காவின் ஊர் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. விளக்கு திரும்பியது. சாம்பல் நிறம் மெல்ல வெளுத்தது, பிறகு மஞ்சளானது. ஒரு பழம் கனிவதுபோல ஊர் முழுக்கப் பளபளவென்று ஆகி, அப்படியே நின்றது. வெடிக்கவில்லை. புகையவில்லை. முன்னைவிட லட்சணமாக இருந்தது.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள், பிறகு பேரரசரைப் பார்த்தார்கள்.

"முடிஞ்சுதா?" என்றார் பேரரசர்.

"ஆமாங்கய்யா" என்றார் ஆமாங்கய்யா. வேறு என்ன சொல்வார்.

"இன்னும் தெரியுதே."

அரண்மனைக்குப் பதில் சொல்ல, வாழ்க்கையில் முதல்முறையாக ஆமாங்கய்யாவுக்கு இன்னொரு வாக்கியம் தேவைப்பட்டது. வந்தது. "அது வெறும் ஒளிங்கய்யா. ஊர் போயிடுச்சு. அதோட வெளிச்சம் மட்டும் வந்துக்கிட்டிருக்கு. செத்தவங்க படம் சுவத்துல இருக்கற மாதிரி."

பேரரசர் திரும்பி, முழங்காலில் நின்ற கண்ணாடிக்காரரைப் பார்த்தார். "அப்படியா?"

அறிவியல் கேள்வி. உண்மையைச் சொல்லும் வியாதி தொண்டைவரை வந்து நின்றது. கூட்டத்தின் பின்வரிசையில் மனைவியும் மகளும் இருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் காவலர், இன்றைக்கு வெங்காயம் இல்லாமல், துப்பாக்கியோடு.

"ஆமாங்கய்யா" என்றார் கண்ணாடிக்காரர்.

அந்தச் சொல்லை எத்தனையோ நாள் நடித்துக்காட்டி மகளைச் சிரிக்க வைத்தவர் அவர். இவ்வளவு சுலபமாக வரும் என்று நினைத்திருக்கவில்லை. பேரரசர் தலையசைத்தார். புரியவில்லை என்று காட்டிக்கொள்வது பேரரசர்களின் வழக்கமல்ல. எல்லோரும் கைதட்டினார்கள். ஊர் வரைபடத்திலிருந்து அழிக்கப்பட்டது. இல்லாத ஊருக்கு ஆய்வாளர் போகத் தேவையில்லை, படை போகத் தேவையில்லை, படம் அனுப்பத் தேவையில்லை.

இடிபாடுகளைப் பார்த்துவர வெடிக்காரரை அனுப்பினார்கள். போய்வந்து, "சாம்பல் எப்படி இருக்கு?" என்று ஆமாங்கய்யா கேட்டதற்கு, "சாம்பலுக்கு ஒரு குறையும் இல்ல சார். எனக்குச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பிச்சுது" என்றார். ஆமாங்கய்யா இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டுக்கொள்ளவில்லை. வெடிக்காரர் உச்சி மாடிக்கு ஏறிவந்து, மூச்சு வாங்கியபடி ஒரு குரல் பதிவைக் கொடுத்தார்.

"டேய் தம்பி" என்றது அக்காவின் குரல். "இத்தன வருஷம் கழிச்சு இப்பத்தான் வேலைய முடிச்சியா. துணியெல்லாம் காஞ்சிடுச்சு. போர்வை மொறமொறன்னு இருக்கு. வந்தவர் ஏதோ நாங்க அழிஞ்சுட்டோம்னு சொன்னாரு, நல்ல மனுஷன், பாவம், பசியில என்னமோ ஒளறுறாருன்னு விட்டுட்டேன். ஆனா ஒண்ணுடா. முன்பக்கம்தான் வெயில் வருது. சமையலறைப் பக்கம் அதே இருட்டு. ஒரு வேலையையும் நீ முழுசாச் செஞ்சதில்ல. உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, அவளாவது உன்னத் திருத்தட்டும்."

"பாத்தீங்களா, செத்தும் என்னை விடல" என்றாள் மனைவி. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதிவை இன்னொரு முறை போடச் சொன்னாள்.

மறுநாள் கண்ணாடிக்காரர் ஆமாங்கய்யாவின் அறைக்குப் போனார்.

"சார், அழிச்ச ஊர அப்படியே விட்டா மிச்சம் மீதி மறுபடி தலையெடுக்கும். தினமும் காலைல ஒரு தடவ அழிக்கணும்."

"தினமுமா?"

"சாயங்காலம் அந்தப் பக்கமாத் திருப்பியும் ஒரு தடவ. சமையலறைப் பக்கம் சரியா அழியல."

ஆமாங்கய்யா அவரை உற்றுப் பார்த்தார். எந்தச் சமையலறை என்று கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. எழுந்து நின்றுகொண்டு, "ஆமாங்க" என்றார்.

இப்போது அந்த ஊர் தவறாமல் தினம் இரண்டு வேளை அழிகிறது. பேரரசருக்கு மிகவும் திருப்தி. வெடிக்காரர் வாயைக் கட்டி வைக்கிறவர் அல்ல. சேதி கசிந்து, ஓரத்துக் கிரகங்களில் மூன்று நான்கு, பேரரசரின் படத்தை இப்போதெல்லாம் வேண்டுமென்றே ஜன்னலில் சாத்தி வைப்பதாகக் கேள்வி. நேற்று வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த காவலர் உள்ளே எட்டிப்பார்த்து, "சார், எங்க அம்மா ஊர்லயும் துணி காயறதில்ல, கொஞ்சம் அழிச்சுக் குடுப்பீங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வரிசையில நில்லுங்க" என்றாள் மனைவி. "முதல்ல நாங்க அழியணும்."