இரண்டு வலது கை

எங்கள் தையல் கம்பெனியில் அவளைக் கைக்காரி என்றுதான் கூப்பிடுவோம். நாள் முழுக்கச் சட்டைகளுக்குக் கை பொருத்துவது அவள் வேலை. எனக்குப் பக்கத்து மிஷின். எந்த வம்புக்கும் போகமாட்டாள். அவள் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் மட்டும் சண்டைக்கு வந்துவிடுவாள்.

கைக்காரியின் பெண் குழந்தை வீட்டைத் தாண்டினால் வாய் திறக்காது. யாராவது பெயர் கேட்டால் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதற்காகவே பழைய அட்டைகளை வெட்டி ஒரு படப்புத்தகம் செய்தாள். வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த பச்சை ஆசாமி ஒருவன். ஓரத்து நாடாவை இழுத்தால் இரண்டு கையையும் நீட்டுவான். வயிற்றுப் பொத்தானைத் திருகினால் கண்ணடிப்பான். கடைசிப் பக்கத்தில், "உன் பேர் என்ன? சத்தமா சொன்னாத்தான் எனக்குக் கேக்கும்" என்பான்.

அவசரத்தில் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டித் தொலைத்திருந்தாள். கை பொருத்துகிறவளுக்கு இதைவிட மானக்கேடு வேண்டுமா? ஓட்டித் தள்ளிவிட்டோம். "அவங்க ஊர்ல எல்லாருக்கும் ரெண்டும் வலது கைதான்" என்று சமாளித்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் குழந்தை முதன்முதலாக என் எதிரில் தன் பெயரைச் சொன்னது.

அவள் அக்கா, குழந்தைகள் புத்தகம் போடும் இடத்தில் படம் வரைபவள். "எங்க பசங்களுக்குக் காட்டிட்டுத் தரேன்டி" என்று அந்த அட்டைப் புத்தகத்தை வாங்கிப் போனாள். போனது போனதுதான். பிறகு ஒருநாள், நூலகத்தில் தன் புத்தக வெளியீடு என்று எங்களைக் கூப்பிட்டாள். குழந்தையையும் அழைத்துக்கொண்டு போனோம்.

திரையில் அதே பச்சை ஆசாமி. அதே பொத்தான். இரண்டும் வலது கை. அட்டையில் அக்காவின் பெயர் மட்டும். ஏன் இரண்டும் வலது கை என்று யாரோ கேட்டார்கள்.

"ஒரே நேரத்துல ரெண்டு பிள்ளைங்களோட கை குலுக்கணும்ல, அதான் அப்படி யோசிச்சேன்" என்றாள் அக்கா, கொஞ்சமும் கூசாமல்.

கூட்டம் கைதட்டியது. கைக்காரியும் தட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாசலில்தான் கேட்டாள்: "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"உன்னுது என்னுதுன்னு நாம எப்ப பிரிச்சுப் பாத்தோம்?" என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, அக்கா கையெழுத்துப் போடப் போய்விட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் குழந்தை கேட்டது: "நம்ம பச்சை ஆளு எல்லாப் பசங்ககிட்டயும் பேர் கேக்குறான். நீதான் குடுத்தியாம்மா?"

"இல்லடா கண்ணு. பெரியம்மா கேக்காமலே எடுத்துக்கிட்டாங்க."

"அப்புறம் ஏன் நீ கை தட்டுன?"

அவள் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் குனிந்து, "பாப்பா பேர் என்ன?" என்று கேட்டார்.

குழந்தை வந்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.