நேரம் போட்ட அளவு

கடைந்து வந்த இரும்புத் தண்டைக் கையில் எடுத்ததும் வேம்புலி அளந்துவிடமாட்டார். முதலில் புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் மேசையில் ஓரமாக உருட்டிவிடுவார். ஆறிய தண்டு மட்டும் டயல் கேஜுக்கு அடியில் போகும். முள் நடுங்கி ஓரிடத்தில் நிற்கும். அளவை எழுதி, பக்கத்தில் தேதியும் நேரமும் போடுவார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பட்டறை அது. காலையில் அளந்த தண்டையே பகல் இரண்டு மணி வெக்கையில் அளந்தால் முள் ஒரு கோடு தள்ளி நிற்கும்.

“இரும்பே ஒரே மாதிரி இல்ல. நேரம் போடாத அளவு பொய்யி” என்பார்.

இழுப்பறையில் இன்னொரு கேஜ் கிடக்கிறது. பாஸ், ரிஜெக்ட் என்று இரண்டே பதில் சொல்வது. அவசரத்துக்கு எல்லாரும் அதைத்தான் எடுப்பார்கள். வேம்புலி தொடுவதில்லை. “அதுக்கு ரெண்டு வார்த்தைக்கு மேல தெரியாது.”

வயது முப்பத்தொன்று. பாடியிலிருந்து சைக்கிளில் வருகிறார். சில வாரம் சட்டை, பேண்ட், படிய வாரிய தலை. சில நாள் அதே சட்டைதான். ஆனால் கண்ணில் மை இருக்கும், தோள்வரை வளர்ந்த முடியில் ஒரு முழம் கனகாம்பரம் இருக்கும். போன தீபாவளி வாரம் முழுக்கப் புடவை.

பேக்கிங்கில் இருக்கும் பார்வதம் காலையில் டீ ஊற்றுமுன் கேட்பாள்: “இன்னிக்கு இன்னா, அண்ணனா, அக்காவா?” பதிலைக் கேட்டு அன்று முழுக்க அப்படியே கூப்பிடுவாள். சில நாள், “தெர்ல பார்வதம், மத்தியானம் சொல்றேன்” என்று பதில் வரும். அதற்கும் தலையாட்டுவாள்.

லேத்தில் நிற்கும் தேவராஜுக்குத்தான் பொறுக்காது. “ஏதாவது ஒரு பக்கம் நில்லேன் மாமே. இன்னான்னு கூப்புட்றதுன்னே தெர்ல.”

“உன் லேத்துல வர்ற தண்டு ஒரு பக்கம் நிக்கிதா? நான் உன்ன எதனா கேட்டனா?”

பட்டறையே சிரித்தது. தேவராஜும்தான்.

ஏழு வருடமாக வேம்புலிக்குத் தினக்கூலி. ஆர்டர் குறைந்த நாளில் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த மார்ச்சில்தான் நிரந்தரப் பட்டியலில் பெயர் வந்தது. அதற்கான விண்ணப்பத்தில் ஆண், பெண் என்று இரண்டு கட்டங்கள். முதல் முறை காலியாக விட்டார்; ஆபீஸ் திருப்பி அனுப்பியது. அடுத்த முறை பென்சிலில் குறித்தார், அதுவும் திரும்பியது.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் ராஜசேகரன் அந்தத் தாளோடு வந்து நின்றார். “இந்தத் தபா திரும்பினா பேரையே எடுத்துடுவாங்க வேம்புலி. பதினோரு மணிக்கு ஆபீஸுக்கு வண்டி போவுது. பேனால போடு. ஏதோ ஒண்ணு. யார் வந்து பாக்கப்போறா?”

“நான் பாப்பேன் சார்.”

அன்று காலை பார்வதத்திடம் ‘அக்கா’ என்று சொல்லியிருந்தார். மேசையில் தாளை விரித்தார். புறங்கையைத் தன் கழுத்தில் ஒரு கணம் வைத்துப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி, ‘பெண்’ என்ற கட்டத்தில் அழுத்தமாக டிக் அடித்தார்.

ராஜசேகரன் நிம்மதியாகத் தாளை இழுத்தார்.

“இருங்க சார்.”

சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, கட்டத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதினார்: 18.3.91, காலை 10.40.