அவள் கேட்டது என்ன?

யுத்தத்துக்குப் பயந்து ரங்கூனிலிருந்து திண்டிவனம் வந்தபோது மகளுக்கு நான்கு வயது. என் பர்மாக்கார மனைவியும் அவளும் பர்மாப் பாஷையிலேயே கொஞ்சிக்கொள்வார்கள். “குருவியாட்டம் கத்துதுங்க” என்று தெரு சிரித்தது. மகளை அடித்து அந்தப் பேச்சை நிறுத்தினேன்.

நான்கு வருஷம் கழித்து, விழுப்புரம் ஆஸ்பத்திரியில், காய்ச்சலில் மனைவிக்குத் தமிழ் நழுவிப் போயிற்று. தன் பாஷையில் எதையோ கேட்டுக் கெஞ்சினாள். முப்பது வயதில் ரங்கூனுக்குக் கடை வைக்கப் போன எனக்கு அந்தப் பாஷையில் தெரிந்தவை அரிசி, எண்ணெய், தண்ணீர் போன்ற கடைச் சொற்கள்தான். ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் இல்லையென்று தலையாட்டினாள்.

மகளை உலுக்கினேன். “அம்மா இன்னா கேக்குது? ஜல்தி சொல்லும்மா!”

“தெரிலப்பா. நீதான பேசாதன்னு அடிச்ச. எல்லாம் மறந்து பூட்ச்சி.”

மாலைக்குள் மனைவியின் மூச்சு அடங்கிவிட்டது.

அவள் கெஞ்சிய சொற்களின் ஓசை இன்னும் என் நாக்கில் இருக்கிறது. பர்மாவிலிருந்து திரும்பியவர்களில் அந்தப் பாஷை தெரிந்தவர் எவரும் அர்த்தம் சொல்லிவிடுவார். கேட்கத்தான் பயமாக இருக்கிறது.