இரவல் வில்லை

சவப்பெட்டிக்குள் குனிந்து, இறந்தவளின் கழுத்துப்பட்டையை இரண்டு விரலால் நிமிர்த்தி, இர்மெலி வெள்ளி வில்லையைக் குத்துகிறாள். ஒரு மார்க்கா நாணயம் அளவுதான் இருக்கும்; நடுவில் நீல ஸ்வஸ்திகா, மூலைக்கொரு ரோஜா. உறவுக்காரர்கள் பார்த்துவிட்டு வரும்வரை சுவரோரமாக நிற்பாள். மூடியைத் தூக்க ஆட்கள் வந்ததும் முந்திக்கொண்டு போய்க் கழற்றிவிடுவாள். "இரவல்தாங்க. அடுத்தவங்களுக்கு வேணும்ல" என்பாள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

பியெக்ஸாமாக்கி ஊரில் சனிக்கிழமை என்றால் அடக்கம். அடக்கம் என்றால் இர்மெலி. மற்ற நாட்களில் பள்ளிக்கூடச் சமையலறையில் பட்டாணி சூப் கிண்டுகிறாள்.

ரஷ்யாவோடு நடந்த போரில் சமையலும் காயக்கட்டும் வான்காவலும் பார்த்த லொத்தா சங்கப் பெண்களின் வில்லைகள் இவை; இந்த ஸ்வஸ்திகா நாஜிகளுடையது அல்ல, அந்த நாட்டின் பழைய மங்கலச் சின்னம். போர் ஓய்ந்த கையோடு, வென்றவர்களின் நிபந்தனையால் சங்கத்துக்குத் தடை வந்தது. ரஷ்யர்கள் வந்து வீடு வீடாகத் தேடுவார்கள் என்ற பயத்தில், மாவு டப்பாவிலும் உருளைக்கிழங்குப் பாத்தியிலும் ஒளித்தார்கள். அடுப்பில் போட்டவர்கள் எத்தனையோ பேர். ஐம்பது வருஷம் கழித்துப் பயம் தெளிந்து, இனி தாராளமாக அணியலாம் என்று ஆனபோது பலர் கையில் வில்லை இல்லாமல் போயிற்று. இர்மெலி பழஞ்சாமான் சந்தைகளில் அலைந்து, ஒரு மரப்பெட்டியில் சேர்த்தாள். விலையை அப்புறம்தான் கேட்பாள். "இது எங்க ஒளிஞ்சிருந்துச்சு?" என்பதுதான் முதல் கேள்வி. எதையும் துலக்க மாட்டாள். மண்ணோ கரியோ, ஒட்டியிருப்பது ஒட்டியிருக்க வேண்டும்.

ஒருமுறை சந்தையில் நாஜி வெறி பிடித்த மொட்டைத் தலைக்காரன் ஒருவன், ஸ்வஸ்திகாவுக்காகவே ஒன்று வேண்டும் என்று நின்றான். "போய் உங்க ஆத்தாவ வரச் சொல்லு. அவ போர்ல சூப்பு காய்ச்சியிருந்தா அவ கையில தர்றேன்" என்று சொல்லி, பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். கனத்த உடம்பு. அவன் போகும்வரை எழுந்திருக்கவில்லை.

பெட்டியில் ஒன்று மட்டும் யாருக்கும் இரவல் போகாது. அது அம்மாவுக்கு. அம்மா சைமியும் லொத்தாதான். தன்னுடையதை அந்தத் தடை வந்த வாரமே ஏரியில் எறிந்தவள். ஒரு தடவையாவது அம்மா கழுத்தில் அதைப் பார்த்துவிட வேண்டும். இர்மெலி சேர்க்கத் தொடங்கியதே இந்த ஆசையில்தான். ஞாயிறுதோறும் ஏலக்காய் ரொட்டியோடு அதையும் கொண்டுபோவாள். அம்மா ரொட்டியை எடுத்துக்கொண்டு, வில்லையைக் கரண்டிக் காம்பால் தள்ளிவிடுவாள்.

"நீ செத்தப்புறம் நான் குத்தத்தான் போறேன். அப்ப எப்படித் தள்ளுவியாம்?" என்று ஒரு ஞாயிறு மகள் சீண்டினாள்.

அம்மா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நான் அங்க சூப்பு காய்ச்சலடி. செத்து வந்த பையங்களக் கழுவினேன். மோதிரம், கடிகாரம், சிலுவை எல்லாத்தையும் கழட்டி அவங்க வீட்டுக்கு அனுப்புவோம். வெறும் உடம்பாத்தான் பெட்டியில வெச்சோம். பத்தொம்பது வயசுப் பையனுக்கே ஒண்ணும் குத்தி அனுப்பல. எனக்கு எதுக்கு?"

அம்மா போரில் அடுப்படியில் இருந்தாள் என்றே இத்தனை வருஷமும் நம்பியிருந்தவள், வில்லையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆனாலும் பிடிவாதத்தில் தாய்க்குத் தப்பாத மகள். குத்த மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காமல்தான் வீடு திரும்பினாள்.

சென்ற பனிக்காலத்தில் அம்மா போய்ச் சேர்ந்தாள். கல்லறைக் கோயிலில் தம்பி ஆர்மாஸ் தானாகவே ஒதுங்கி அக்காவுக்கு வழிவிட்டான். ஊருக்கெல்லாம் செய்தவள், பெற்றவளுக்குச் செய்யாமல் இருப்பாளா என்றுதான் எல்லோரும் பார்த்திருந்தார்கள். இர்மெலி அம்மாவின் கழுத்துப்பட்டையை நிமிர்த்தினாள். ஊசியைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள். குத்திவிட்டால் ஆசை தீர்ந்துவிடும். தடுக்க அம்மாவுக்குக் கை எழாது. அந்த நினைப்புதான் அவளை அழ வைத்தது.

"மூடலாமான்னு கேக்கறாங்கக்கா" என்றான் தம்பி, மெதுவாக.

ஊசியை மடக்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு அம்மாவின் இடது கையை எடுத்து, குளிர்ந்து விறைத்த விரலிலிருந்து கல்யாண மோதிரத்தைத் திருகித் திருகிக் கழற்றி, ஆர்மாஸின் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை மூடினாள்.

"வீட்டுக்கு" என்றாள்.