விளக்குமாற்றுக் கண்ணாடி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில், சாமி படத்துக்கு இரண்டடி தள்ளி, ஒரு விளக்குமாறு தங்க நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது. மாட்டியது நான்தான்.

அவசரப்பட்டுத் திட்டாதீர்கள். முழுக்கக் கேளுங்கள்.

அன்றைக்கு என் மகள் நித்யாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. பையன் பெயர் சரவணன். இரண்டு பேரும் கஞ்சிக்கோட்டில் ஒரே கம்பெனியில் வேலை. ஒருவரை ஒருவர் ஏற்கெனவே போதுமான அளவு பார்த்தாகிவிட்டது... பாக்கி இருந்தது பெரியவர்கள் பார்ப்பதுதான். பையனின் அப்பா, அம்மா பீர்மேட்டில் தேயிலை எஸ்டேட்டில் இருக்கிறார்கள். எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு.

எங்கள் வீட்டுக்காரருக்கு இதில் அரை மனசு. அரை என்பதே மரியாதைக்குச் சொல்வது. "மலை மேல போயி சம்பந்தம் பண்றதா? ஒரு நல்லது கெட்டதுன்னா போயிட்டு வரவே ரெண்டு நாளாகும் புள்ள" என்று மூன்று வாரமாக ஒரே பாட்டு. நித்யா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய் அழுத பிறகுதான் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, ஒருக்கா வரட்டும். எனக்கு மனசுக்குச் சரியாப் படலீன்னா அன்னைக்கே வேண்டாம்னு சொல்லிப்போடுவேன். அப்பறம் ஆரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

ஆக, அன்று எதுவும் தப்பாகப் போகக்கூடாது. ஒன்றே ஒன்றுகூட!

ஆனால் ஹாலில், சோபாவுக்கு நேர் எதிரே, சுவரில் ஓதம் ஏறி ஒரு கறை. எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் மழை முடிந்ததும் திரும்பி வந்துவிடும். காலண்டரை மாட்டி மறைத்தேன். காலண்டரின் நாலு பக்கமும் எட்டிப் பார்த்தது. அப்போதுதான் போனில் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. நடுவில் வட்டக் கண்ணாடி, அதைச் சுற்றிச் சூரியக் கதிர் மாதிரி குச்சிகள். செலவு கம்மி, பார்வைக்கோ பெரிய ஓட்டல் வரவேற்பறை!

வீடியோவில் செய்து காட்டிய பெண் கபாப் குத்தும் மூங்கில் குச்சியை ஒட்டினாள். கபாப் குச்சிக்கு நான் எங்கே போவேன்? தோப்புக்காரி வீட்டில் ஈர்க்குச்சிக்கா பஞ்சம்? புதிதாகக் கட்டி வைத்திருந்த விளக்குமாறு ஒன்றை அவிழ்த்தேன். ஃபேன் வந்த அட்டைப்பெட்டியில் வட்டமாக ஒரு துண்டு வெட்டினேன். நெட்டைக் குச்சி ஒன்று, குட்டைக் குச்சி ஒன்று என்று மாற்றி மாற்றிப் பசை வைத்து ஒட்டி, வெயிலில் காயவைத்து, மேலே தங்க நிற ஸ்ப்ரே பெயின்ட். ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய கண்ணாடியை நடுவில் ஒட்டியதும்... சொல்லக்கூடாது, எனக்கே கண் பட்டுவிடும் போல இருந்தது. வாசலில் ஒரு கோழி மட்டும் இரண்டு நாள் தங்க வாலோடு திரிந்தது. அதை விடுங்கள்.

ஞாயிறு காலை முதலில் வந்தவர் நங்கையா. என் வீட்டுக்காரரின் அக்காவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். வந்தவர் கண்ணாடியை ரசித்தார், கிட்டே போனார், குச்சியைத் தடவினார். அவ்வளவுதான்.

"ஏம்புள்ள, இது சீமாத்துக் குச்சிதானே?"

"ஆமாங்க நங்கையா. புதுசுங்க. தரையத் தொடவே இல்லீங்க."

"தொட்டா என்ன, தொடாட்டி என்ன? சீமாறு சீமாறுதான்! பொண்ணு பாக்க வாறவங்க கண்ணு முன்னால சீமாத்த மாட்டி வெச்சிருக்கறயே, உனக்கென்ன புத்தி கித்தி கெட்டுப் போச்சா?"

உண்மைதானே! வெளியே கிளம்பும்போது எதிரே விளக்குமாறு தெரிந்தாலே திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற ஊர் இது. விளக்குமாற்றைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிற வம்சத்தில் பிறந்துவிட்டு, அதற்குத் தங்க முலாம் பூசி நடு ஹாலில் வைத்திருக்கிறேன். வேறு எந்த ஊர்க்காரி செய்தாலும் கைவினை. நான் செய்தால் அபசகுனம்.

கழற்றிவிடலாம் என்று ஸ்டூலை இழுத்தேன். வாசலில் கார் வந்து நின்றது.

"இப்ப எறக்குனா அந்தக் கறை பல்லக் காட்டும். உடு. ஆராச்சும் கேட்டா மூங்கில்னு சொல்லு. கோயமுத்தூர்ல வாங்குனதுன்னு சொல்லு" என்றார் நங்கையா. இந்த விஷயத்தில் அவருக்கு அனுபவம் அதிகம்.

வந்தவர்கள் மூன்றே பேர். சரவணன், அதிகம் பேசாத அவன் அப்பா, அம்மா பாக்கியம். முதல் நாளே மலையிறங்கி வந்து சரவணனின் ரூமில் தங்கியிருந்தார்கள். பாக்கியம் ஒரு எவர்சில்வர் டப்பாவை என் கையில் கொடுத்து, "வீட்ல சுட்ட அச்சு முறுக்குக்கா" என்றார். நங்கையா ஒன்றை எடுத்துக் கடித்தார். உடனே இன்னொன்று. "இதானுங்க கைப்பக்குவங்கறது! பேக்கரில வாங்கறதும் ஒரு முறுக்குங்களா?" என்று சான்றிதழும் கொடுத்தார்.

பாக்கியத்தின் கண் சட்டென்று சுவருக்குத் தாவியது.

"நல்ல பங்கியா இருக்கேக்கா!" என்றார். பங்கி என்றால் அழகு. அவர் தென்பாண்டித் தமிழ், நான் கொங்குத் தமிழ். ஆனால் மலையாளத்து மண்ணில் குடியிருக்கிற இரண்டு பேருக்கும் இந்த மலையாளச் சொல் பொது. "எங்க வாங்குனிய?"

"கோயமுத்தூருங்க. மூங்கிலுங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எங்களுக்கும் ஒண்ணு வாங்கித் தாரியளாக்கா? எஸ்டேட்டு லயத்து வீட்டுச் சுவரு ஒரே ஓதம். எதை மாட்டுனாலும் மறைய மாட்டேங்கு" என்று சொல்லிக்கொண்டே பர்ஸைத் திறந்தார். இலை கிள்ளிக் கிள்ளிக் கறுத்துப்போன விரல்கள். அந்த விரல் ரூபாய் நோட்டைத் தேடும்போது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவரிடமா நான் பவுசு காட்டிக்கொண்டிருக்கிறேன்?

"பர்ஸ உள்ள வையுங்க. அது கடையில வாங்குனது இல்லீங்க. நாந்தான் செஞ்சேன். எங்க சுவத்துலயும் ஓதந்தானுங்க. அது... சீமாத்துக் குச்சிங்க."

நங்கையா முறுக்கை மெல்லுவதை நிறுத்திவிட்டார். சரவணன் தரையைப் பார்த்தான். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மூன்று வாரமாக வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்த மனுஷன்! தேடியதை நானே பெயின்ட் அடித்துக் கையில் கொடுத்துவிட்டேனே... என் பொண்ணு வாழ்க்கையைக் குச்சி குச்சியாக நானே ஒட்டிக் கெடுத்துவிட்டேனே!

பாக்கியம் மகனை ஒரு பார்வை பார்த்தார். பர்ஸை மூடினார்.

"அப்பம் நானும் ஒண்ணு சொல்லிருதேங்கா. அந்த முறுக்கு நான் சுட்டதில்ல. சுட்டேன், சத்தியமாச் சுட்டேன்! குட்டிக்கானம் எறக்கத்துல வளைவுக்கு வளைவு பஸ்ஸு ஆடி அம்புட்டும் பொடியாப் போச்சு. வெறுங்கையோட வந்தா என்ன நெனைப்பியளோன்னு, நேத்து கஞ்சிக்கோட்டு பேக்கரில வாங்கி இதே டப்பால மாத்திட்டு வந்தேன்."

நங்கையா கையிலிருந்த மூன்றாவது முறுக்கை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

யோசித்துப் பாருங்கள். நம்மை எடை போட வருகிறார்களே என்று நாம் வீட்டில் உட்கார்ந்து பயந்துகொண்டிருக்கும்போது, அவர்களும் அதே பயத்தோடுதான் பஸ் ஏறியிருக்கிறார்கள்! இது தெரிந்திருந்தால் நான் ஒரு காலண்டரோடு நிறுத்தியிருப்பேனே...

முதலில் சிரித்தது யார் தெரியுமா? எங்கள் வீட்டுக்காரர். மூன்று வாரமாகப் பல் தெரியாத வாய், தோள் குலுங்கச் சிரித்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரவணனின் அப்பா பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க சம்பந்தி, இந்த ரெண்டு பேரையும் வெச்சுட்டு நாம எப்படீங்க காலந் தள்றது?"

சம்பந்தி! சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது போல. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் காபி டம்ளர்கள் கலகலவென்று நடுங்கும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் பாக்கியத்துக்கு ஞாபகம் வந்தது. "அக்கா... பொண்ணு எங்க?"