பாபகூராவுக்கு நான் சுவீடன் பிடில் படிக்கப் போன கதை

சுவீடன், நோர்வேப் பக்கத்துப் பிடில் பாட்டுகளை ஒக்லாந்தில் எங்கே படிக்கலாம் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் போனது 1997 மே மாதம், நாங்கள் இருந்த மவுண்ட் ரோஸ்கில்லில் இருந்து, தெற்கே தள்ளியிருக்கிற பாபகூராவுக்கு. எனக்குச் சங்கீத ஞானம் மருந்துக்கும் கிடையாது. தாளம் போடச் சொன்னால் கை ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் போகும். பிறகு ஏன் போனாய் என்று கேட்பீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி வசந்தி யாழ்ப்பாணத்தில் வயலின் ரீச்சர். அவளும் தங்கை கலாவும் எப்போதும் சோடியாகத்தான் வாசிப்பார்கள். சண்டையில் இடம்பெயர்ந்து போன வழியில் கலா காய்ச்சலில் செத்துப்போனாள். அதன் பிறகு வசந்தி வயலினைத் தொடவில்லை, கலாவின் பெயரையும் வாயில் எடுக்கவில்லை. இங்கே வந்ததும் பழைய சாமான் கடையில் ஒரு வயலின் வாங்கி வந்தேன். ஒன்றரை வருடம் அது பெட்டியோடு கட்டிலுக்குக் கீழே கிடந்தது. அவள் மறுபடி வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. நான் காதலித்துக் கட்டியது வாசிக்கிற வசந்தியை.

நூலகத்து அறிவிப்புப் பலகையில் சுவீடன் பிடில் வகுப்பு என்று ஒரு துண்டுக் காகிதத்தைக் கண்டேன். எட்டு வாரம், சனிக்கிழமை காலை பத்தரை, புதியவர்களும் வரலாம்.

"நான் வயலின் படிக்கப் போறன்," என்றேன்.

"உங்களுக்கென்ன விசரே?"

"ஓம். துணைக்கு நீரும் வாரும்."

"வந்து சுவரோட இருப்பன். தொடமாட்டன், சொல்லிப்போட்டன்."

காலை 8.05க்கு பஸ். நகரத்துக்கு எட்டு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். அங்கிருந்து பழைய ரயில் நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. ரயில் 9.10க்கு. பாபகூராவுக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டர், ஐம்பத்தைந்து நிமிடம். இரண்டு பேருக்கும் போகவர எல்லாமாக இருபது டொலர். டீசல் ரயில், உள்ளே வெளியைவிடக் குளிர். வழி முழுக்க வசந்தி யன்னலைப் பார்த்தபடி வந்தாள், நான் கதை கொடுத்தால் "ம்" மட்டும்தான்.

பாபகூராவில் மண்டபத்துக்கு வழி கேட்கப் பேக்கரிக்குள் நுழைந்தால் அங்கே மலேசியத் தமிழர் ஒருவர். "ஃபிடலா? நம்மாளுங்க யாரும் அங்க போனதில்லயே, அண்ணே," என்று சிரித்தார். "நேரா போயி ரெண்டாவது லெஃப்ட்." எட்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம்.

வகுப்பு நடத்தியவள் இங்கர். சுவீடன்காரி, மருத்துவமனைத் தாதி, எங்கள் வயதுதான். இந்தப் பாட்டுகள் உட்கார்ந்து கேட்பதற்கில்லை, ஆடுவதற்கு என்றாள். மூன்று அடித் தாளம், ஆனால் மூன்றும் ஒரே அளவில்லை. ஆடுகிறவர் சுழலும்போது நடு அடி கொஞ்சம் நீளுமாம். புத்தகம் இல்லை, காதால்தான் பிடிக்க வேண்டும். இன்னொன்று: எந்தப் பாட்டானாலும், அது யாரிடமிருந்து தனக்கு வந்தது என்று பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வாசிப்பார்கள். சொல்லாமல் வாசித்தால் களவு மாதிரி என்றாள்.

கட்டிலுக்குக் கீழிருந்து எடுத்துப்போன வயலினில் நான் வில்லைப் போட்டு இழுத்தேன். எண்ணெய் காணாத கதவு தோற்றுவிடும். வசந்தி சுவரோரம் தலையைக் குனிந்துகொண்டாள்.

தேநீருக்குப் பிறகு, சில பழைய பாட்டுகளுக்குத் தந்திகளை வேறு மாதிரிச் சேர்க்க வேண்டும் என்று இங்கர் என் வயலினை வாங்கினாள். கீழ்த் தந்திகள் இரண்டையும் கொஞ்சம் ஏற்றிவிட்டு, நாலையும் ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினாள். ச, ப, ச, ப. ஐயோ, எனக்கே விளங்கியது! கல்யாணமான நாளிலிருந்து தினமும் காலையில் நான் கேட்டு எழும்பிய சுருதி. நம்மவர்கள் வயலினுக்குச் சுருதி சேர்ப்பது இப்படித்தானே. வெள்ளைக்காரர் வயலினில் அதை நான் எதிர்பார்க்கவில்லை.

வசந்தி எழும்பி வந்தாள். "இஞ்ச தாங்கோ," என்றாள். மரத்தரையில் சம்மணம் கட்டி, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கொண்டாள். எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். இங்கர் ஒரு வரி வாசிக்க, இவள் அப்படியே திருப்பி வாசித்தாள். மற்றவர்கள் எழும்பி அதற்கு ஆடத் தொடங்கினார்கள்.

அத்தோடு விட்டாளா? மூன்றாம் சுற்றில் கண்ணை மூடிக்கொண்டு கற்பனாசுரத்தில் இறங்கிவிட்டாள். ஆடிக்கொண்டிருந்தவர்கள் பாவம், எந்தக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆளோடு ஆள் மோதினார்கள். ஒருவர் தேநீர் மேசையில் போய் உட்கார்ந்தேவிட்டார். இங்கர் குனிந்து அவள் முழங்காலைத் தட்டி, "கண்ணைத் திற. அவர்கள் காலைப் பார், தாளம் அங்கே இருக்கிறது," என்றாள்.

போச்சு, வசந்தி வெட்கத்தில் வயலினை வைத்துவிடப் போகிறாள் என்றே நினைத்தேன். ஆனால் அவள் சிரித்தாள். "கச்சேரி எண்டு நினைச்சிட்டன்," என்று என்னிடம் சொல்லிவிட்டு, கால்களைப் பார்த்தபடி மறுபடி தொடங்கினாள். இந்த முறை எல்லோரும் ஒழுங்காகச் சுழன்றார்கள்.

"உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று," என்று கேட்டாள் இங்கர். "யாரிடமிருந்து வந்தது?"

வசந்தி வில்லை மடியில் வைத்தாள். அவளுக்காக நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

"கலா," என்றாள். "என் தங்கை. இதை முதலில் பிடித்து எனக்குக் காட்டித் தந்தது அவள்தான்."

பிறகு ஒரு தில்லானா வாசித்தாள். நான் அழுதேன். மறைக்க முயலவும் இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். நான் சொன்ன பழைய நிலையத்தில் இப்போது ரயில் நிற்பதில்லை. நேரமும் கட்டணமும் எல்லாம் மாறிவிட்டன, விசாரித்துக்கொண்டு போங்கள். இங்கரின் வகுப்பும் இப்போது இல்லை, ஆனால் இப்படிக் கூடுகிறவர்கள் எங்காவது இருப்பார்கள். தடித்த காலுறை போடுங்கள். தரையில் உட்கார்ந்து வாசிப்பவராக இருந்தால் பாய் ஒன்று கொண்டுபோங்கள். வாசிக்கும் முன் ஆடப் பழகுங்கள், அந்த நடு அடி காலுக்குத்தான் முதலில் விளங்கும். அந்தக் குளிர் ரயிலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது. நாங்கள் இந்த ஊரில் மறுபடி வாழத் தொடங்கியது அந்த வருடத்தில்தான்.

திரும்பும்போது வசந்தி பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டாள். ரயில் ஏறி இருந்ததும், "இஞ்சேருங்கோ, அடுத்த சனி நீங்கள் வரவேண்டாம்," என்றாள்.

"எட்டு வாரத்துக்கும் நானெல்லே பேர் குடுத்தனான்?"

"அந்தப் பேரில நான் போறன். உங்களைப் பார்த்தா எனக்குத் தாளம் பிழைக்குது."

அடுத்த சனிக்கிழமை அவளை பஸ் ஏற்றிவிட்டுக் கீழே நின்று கையைக் காட்டினேன். அவள் கவனிக்கவில்லை. மடியில் கிடந்த பெட்டியின்மேல் விரல்களை ஓடவிட்டுக்கொண்டிருந்தாள்.