மூன்றாவது சிலிண்டரில் ஒரு தட்டல்

சனிக்கிழமை காலை வாலாஜாபாத் ரோட்டில் ட்ரையல் ஓட்டிவிட்டுத் திரும்பும்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. அடியிலிருந்து, டொக் டொக் டொக் என்று. ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தினால் வரும். இன்னும் அழுத்தினால் மறையும். காலை எடுத்தால் வேகம் இறங்கும்போது ஒருமுறை வந்துவிட்டுப் போகும். எங்கள் மெக்கானிக் ஷெட் வாசலிலேயே எஞ்ஜினை நிறுத்திவிட்டேன்.

மறுநாள் அந்த வண்டி இருங்காட்டுக்கோட்டை டிராக்கில், பழைய கார்களுக்கான பந்தயத்தில் ஓட வேண்டும்.

இரண்டு பேர் மட்டும் உட்காரும், மேல்கூரை இல்லாத சீமை ஸ்போர்ட்ஸ் கார் அது. இரட்டை கார்புரேட்டர். ஒரகடம் பக்கம் ஓடுகிற இந்தக் காலத்து வண்டிகளுக்கு ஸ்கேனரைச் சொருகினால் என்ன கோளாறு என்று அதுவே சொல்லிவிடும். இதில் சொருக இடமே கிடையாது. காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வண்டிக்குச் சொந்தக்காரர் வசந்தா மேடம். இங்கே ஒரு கார் கம்பெனியில் எஞ்ஜின் தயாராகும் லைனைப் பார்த்துக்கொள்பவர். துருப்பிடித்த கூடாக வாங்கி, லீவு நாளெல்லாம் எங்கள் ஷெட்டுக்கு வந்து கையில் கிரீஸோடு கூடவே வேலை செய்து அதை எழுப்பினவர். டிராக்கில் ஓட்டப்போவதும் அவர்தான். எஞ்ஜின் பிளாக் ஏற்கெனவே ஒரு தடவை விரிசல் விட்டு ஒட்டுப்போட்டது. ஓடும்போது பிஸ்டனைப் பிடித்திருக்கிற ராடு உடைந்து அதைக் குத்திக்கொண்டு வெளியே வந்தால் வேறு பிளாக் கிடைக்காது. அதைவிட, அந்த வேகத்தில் ஆயில் சக்கரத்தில் கொட்டினால் மேடம் கதி என்ன? என் புத்தி நேராக அங்கேதான் போய் நின்றது.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். பூட்டின பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்க்கிற ஆள். ஷெட் முதலாளி ஏழுமலை அண்ணன் என்னைப் பார்த்ததுமே கேட்டார்.

“இன்னாடா மணி, எழவு வூட்டுக்குப் போய்ட்டு வந்தவன் மாரி கீற?”

“அண்ணே, அடியில தட்டுது. ராடு நாக் மாரி கேக்குது.”

“வாய்ல நல்ல வார்த்தையே வராதா உனுக்கு? நாளைக்கு ஓட்றாங்கடா!”

மேடத்துக்கு போன் போட்டோம். உடனே வந்துவிட்டார். அவர் ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொள்ள, நான் நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை பிளாக்கில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டினேன். மேலே வால்வுகளின் சலசலப்பு மட்டும். கீழே இறக்க இறக்கத் தட்டல் கனமாகக் கேட்டது. பிறகு பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தோம். ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் தட்டல் அடங்கினால் அந்த சிலிண்டரின் ராடு பேரிங் போயிற்று என்று அர்த்தம். முதலாவதில் மாறவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதைப் பிடுங்கினதும் சத்தம் நின்றுவிட்டது.

மேடம் மீட்டரைக் காட்டினார்.

“ஆயில் பிரஷர் நல்லா இருக்கே மணி. பேரிங் போயிருந்தா இறங்கணுமில்ல?”

“இறங்கணும் மேடம். எனக்கும் அதான் புரியல.”

“பிரிச்சுப் பாத்துடலாமா?”

அடியில் ஆயில் தேங்குகிற சம்ப்பைக் கழற்றினால் பேரிங்கைக் கண்ணால் பார்த்துவிடலாம். ஆனால் ஆயில் கசியாமல் இடையில் வைத்த கேஸ்கெட் கிழியும். புதியது எங்களிடம் இல்லை. கழற்றினால் ஞாயிற்றுக்கிழமை போனது போனதுதான். கழற்றாமல் விட்டால், நான் பயந்தது நடக்கலாம்.

“நீ இன்னா சொல்ற? ஒரே வார்த்தையா சொல்லு,” என்றார் அண்ணன்.

மேடத்தின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். “பிரிக்கலாம்.”

மேடம் முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டார். “சரி. பிரிங்க.”

வண்டியை ஜாக்கியில் தூக்கினோம். ஆயிலை வடிப்பதற்கு டிரேயைத் தள்ளிக்கொண்டு அடியில் போனேன். டார்ச் வெளிச்சத்தில், கிளட்ச் ஹவுசிங்குக்கும் சம்ப்புக்கும் இடையில் கறுப்பாக ஏதோ தொங்கியது. தொட்டேன். கயிறு. கயிற்றின் முனையில் ஒரு லாடம். விரலால் ஆட்டினேன். சம்ப்பில் இடித்தது. டொக்.

அதை அறுத்துக்கொண்டு வெளியே வந்து நீட்டினேன். ஏழுமலை அண்ணன் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

எங்கள் ஷெட்டில் எஞ்ஜின் இறக்கி ஏற்றின எந்த வண்டியும் முன் பம்பரில் கறுப்புக் கயிறும் லாடமும் கட்டாமல் வெளியே போகாது. திருஷ்டிக்கு. டிராக்கில் தொங்குவது எதையும் அனுமதிக்க மாட்டார்கள் என்று மேடம் வேண்டாமென்றுவிட்டார். அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை, யாருக்கும் தெரியாத இடமாகப் பார்த்துக் கட்டியிருக்கிறார்.

“அண்ணே, இது நீங்க பண்ண வேலையா?” என்றார் மேடம்.

“இல்ல மேடம்… உங்க வண்டிய ஊரே பாக்கப்போவுது. கண்ணு பொல்லாதது. கெட்டியாதான் கட்னேன், எப்டி லூஸாச்சின்னு தெரில.”

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணனும் சிரித்தார். எஞ்ஜின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அதிரும்போது மட்டும் லாடம் ஆடியிருக்கிறது. மூன்றாவது ஒயரைப் பிடுங்கினதும் அதிர்வு மாறி, ஆட்டம் நின்றிருக்கிறது. நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

“வண்டிய எறக்கு. டிரெய்லர்ல ஏத்து,” என்று சொல்லிக்கொண்டே அண்ணன் ஓரத்தில் இரைந்துகொண்டிருந்த காற்றுக் கம்ப்ரஸரை அணைத்தார். மேடம் சீட்டில் ஏறி சாவியைப் போட்டார். ஸ்டார்ட் பண்ணவில்லை. இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கேட்டது. டிக். சற்று விட்டு, டிக். மறுபடியும், டிக்.

அந்த வண்டியில் பெட்ரோல் பம்ப் கரண்டில் ஓடுவது. சாவி போட்டதும் டிக்டிக்கென்று அடித்து கார்புரேட்டர் கிண்ணங்களை நிரப்பும். நிரம்பினதும் நின்றுவிட வேண்டும். எஞ்ஜின் ஓடாதபோது நிற்காமல் அடித்தால் பெட்ரோல் எங்கேயோ போகிறது என்று அர்த்தம்.

“மேடம், சிரிக்காதீங்க. கேளுங்க.”

“மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? உனுக்குக் காது பூரா பயம்டா!” என்று அண்ணன் கத்தினார்.

“அண்ணே, ஒரு நிமிசம் வாய மூடு!”

அவரை அப்படி நான் பேசினதே இல்லை. அவர் வாயடைத்துப் போனார். அந்த அமைதியில் இன்னொரு டிக் விழுந்தது. மேடத்தின் சிரிப்பு நின்றது. எனக்கு முன்னால் அவரே சாவியை அணைத்துவிட்டு இறங்கி ஓடிவந்தார்.

இரண்டு கார்புரேட்டருக்கும் நடுவில் போகிற ரப்பர் ஹோஸை அழுத்தினேன். வெந்த கிழங்கு மாதிரி அமுங்கியது. இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்தப் பழைய ரப்பர் தாங்கவில்லை. அடிப்பக்கத்தில் மயிரிழை வெடிப்பு. அதற்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் குழாய். சூடாக இருக்கும்போது விழுகிற சொட்டு உடனே ஆவியாகிவிடுவதால் தரையில் ஈரமே இல்லை. ஷெட்டில் எப்போதும் இருக்கிற பெட்ரோல் வாசனையில் இந்த வாசனையும் தெரியவில்லை.

“முழு வேகத்துல, டிராக்ல தீப்பிடிச்சிருக்கும்,” என்றார் மேடம். ஏழுமலை அண்ணன் லாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மறைமலை நகருக்குப் போய், எத்தனாலுக்குத் தாங்குகிற ஹோஸ் வாங்கிவந்து எல்லாவற்றையும் மாற்றினோம். சாவி போட்டோம். பம்ப் சில தடவை அடித்து நின்றது. அப்புறம் அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேடம் ஓட்டினார். ஜெயிக்கவில்லை. வண்டி முழுசாக ஓடி முடித்துத் திரும்பிவந்தது. அதுவரைக்கும் நான் தீயணைப்பு சிலிண்டரைக் கீழே வைக்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். பயந்த காதில் பெரிய சத்தம்தான் முதலில் விழும். என் காதிலும் அதுதான் விழுந்தது. அதன் காரணம் தெரிந்த சந்தோஷத்தில் காது மூடிக்கொள்ளும். எல்லோரும் சிரித்துக்கொண்டு வண்டியை ஏற்றப் போகிற அந்த நேரத்தில் கம்ப்ரஸரை அணையுங்கள். சாவியைப் போடுங்கள், ஸ்டார்ட் பண்ணாதீர்கள். பேசாமல் நின்று கேளுங்கள். முதலாளி திட்டுவார். திட்டட்டும், நில்லுங்கள்.